44 வயது வரை ஓட்டு உரிமை இருப்பதே தெரியாது: ஒரு அமெரிக்கச் சிற்றூரின் தேர்தல் கணக்கை உலுக்கிய ஃபேனி லூ ஹேமர் யார்?

அமெரிக்கத் தேர்தல் ரிசல்ட் வரும் இரவில் டிவியில் ஒரு மேப் காட்டுவார்கள். ரிபப்ளிகன் ஜெயித்தால் சிவப்பு, டெமாக்ரட் ஜெயித்தால் நீலம். அதில் மிசிசிப்பி மாநிலம் எப்போதும் சிவப்புதான். கடைசியாக அங்கே ஒரு டெமாக்ரட் அதிபர் வேட்பாளர் ஜெயித்தது 1976-ல், ஜிம்மி கார்ட்டர்.

ஆனால் அதே மேப்பைக் கொஞ்சம் ஸூம் பண்ணிப் பாருங்க. மாநிலத்தின் மேற்கே, ஆற்றை ஒட்டி, வரிசையாக நீலப் பொட்டுகள் தெரியும். இந்தப் பகுதிக்கு டெல்டா என்று பெயர். கறுப்பு வண்டல் மண், கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்தி. அதில் ஒரு பொட்டு சன்ஃப்ளவர் கவுன்டி. கவுன்டி என்றால் ஏறக்குறைய நம்ம ஊர் தாலுகா சைஸ் நிர்வாகப் பிரிவு. அதற்குள் இருக்கிறது ரூல்வில் என்ற சிற்றூர். இன்றைய மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு, பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

இந்த ஊர் நீலத்தில் ஓட்டுப் போடுவது இன்று செய்தியே இல்லை. ஆனால் 1964-ல் இதே மிசிசிப்பியில் ரிபப்ளிகன் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் 87 சதவீத ஓட்டு வாங்கினார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த டெல்டாவும் அவர் பக்கம்தான் நின்றது. அப்படியென்றால் அங்கே இருந்த மக்கள் எல்லாம் மனசு மாறிவிட்டார்களா? இல்லை. அன்று அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவே இல்லை. போட விடவில்லை.

ஒரு ஊரின் அரசியல் சாய்வு என்று நாம் சொல்வது, அந்த ஊரில் யாருக்கு ஓட்டுச்சீட்டு கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. வந்தபிறகும் அதைப் பயமில்லாமல் போட முடிகிறதா என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளோடும் வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டியவர் ரூல்வில்லைச் சேர்ந்த ஃபேனி லூ ஹேமர்.

20-வது பிள்ளை

1917 அக்டோபர் 6-ம் தேதி மிசிசிப்பியின் மான்ட்கோமரி கவுன்டியில் பிறந்தார் ஃபேனி லூ டவுன்சென்ட். ஜேம்ஸ் லீ, லூ எல்லா தம்பதிக்கு மொத்தம் 20 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. இவருக்கு இரண்டு வயது இருக்கும்போது குடும்பம் சன்ஃப்ளவர் கவுன்டிக்கு இடம்பெயர்ந்தது.

அங்கே அவர்கள் செய்தது வாரத்துக்கு விவசாயம். நிலம் வெள்ளைக்கார முதலாளியுடையது, உழைப்பு இவர்களுடையது. விளைச்சலில் பாதிப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் முதலாளியின் கடையில்தான் கடனுக்கு வாங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் அந்தக் கடன் இவர்கள் பங்கிலிருந்து கழியும். கணக்கு எழுதுவதும் முதலாளி. வருஷக் கடைசியில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த வருஷக் கடன்.

இந்த வலையில் ஹேமர் விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியிடம் முதலாளி வந்து, உன்னால் 30 பவுண்டு பருத்தி எடுக்க முடியுமா என்று கேட்டார். எடுத்தால் கடையில் மத்தி மீன் டின், இஞ்சி பிஸ்கட் எல்லாம் தருவதாக ஆசை காட்டினார். சிறுமி எடுத்துவிட்டாள். தின்பண்டமும் கிடைத்தது. அடுத்த வாரம் 60 பவுண்டு எடுக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து பருத்திக்காடுதான்.

சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் விந்தலாகிவிட்டது. அந்தக் காலோடு 13 வயதில் ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் எடுப்பாராம். பள்ளிக்கூடம் பருத்தி வேலை இல்லாத மாதங்களில் மட்டும். ஆறாம் வகுப்போடு அதுவும் நின்றது. இடையில் ஒருமுறை அப்பா கொஞ்சம் காசு சேர்த்து கோவேறு கழுதைகளும் ஒரு பசுவும் வாங்கி, தலைநிமிரப் பார்த்தார். யாரோ தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்கள். கால்நடைகள் செத்தன, குடும்பம் பழைய இடத்துக்கே வந்தது. கறுப்புக் குடும்பம் முன்னேறுவது பிடிக்காத வெள்ளையர் ஒருவர் செய்த வேலை என்பதில் ஹேமருக்குக் கடைசி வரை சந்தேகமே இருந்ததில்லை.

1940-களின் நடுவில் பெர்ரி ஹேமரைத் திருமணம் செய்துகொண்டார். எல்லோரும் அவரை பாப் என்று கூப்பிடுவார்கள். ரூல்வில்லுக்கு வெளியே இருந்த மார்லோ பண்ணையில் இருவருக்கும் வேலை. ஃபேனிக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது தெரிந்ததும் முதலாளி அவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கினார். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு பருத்தி எடுத்தார்கள் என்று குறித்து வைப்பது வேலை. முதலாளியின் தராசுக் கல்லில் கோளாறு இருப்பது ஹேமருக்குத் தெரியும். முதலாளி அந்தப் பக்கம் போனதும் தான் கொண்டுவந்த வேறொரு கல்லை மாட்டி, ஆட்களுக்குச் சரியான எடை போட்டுக் கொடுப்பார். என்னைக் கேட்டால், அவருடைய அரசியல் வாழ்க்கை இந்தத் தராசில்தான் தொடங்குகிறது.

1961-ல் கட்டி ஒன்றை அகற்ற அறுவை சிகிச்சைக்குப் போனவருக்கு, அவரிடம் சொல்லாமலே கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் தென் மாநிலங்களில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இது நடந்தது. டாக்டரிடம் போய் ஏன் என்று கேட்டார். பதில் வரவில்லை. வழக்குப் போடலாமே என்று தோன்றலாம். அந்த ஊரில் ஒரு வெள்ளைக்கார டாக்டருக்கு எதிராக வழக்குப் போட அவருக்கு எந்த வழியும் இல்லை. ஹேமர் தம்பதி ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்துவந்தார்கள்.

மஞ்சள் பஸ்

1962 ஆகஸ்டில் ரூல்வில்லின் வில்லியம்ஸ் சேப்பல் தேவாலயத்தில் ஒரு கூட்டம். மாணவர் அமைப்பைச் சேர்ந்த சிவில் உரிமைப் போராளிகள் வந்து பேசினார்கள். கறுப்பினத்தவருக்கும் ஓட்டு உரிமை உண்டு, பெயரைப் பதிவு செய்ய வாருங்கள் என்பதுதான் பேச்சின் சாரம். அப்போது 44 வயதாகியிருந்த ஹேமருக்கு இது புதுச் செய்தி. சட்டப்படி 1870-லேயே கிடைத்துவிட்ட உரிமை. 92 வருஷமாக இந்த ஊருக்கு வந்து சேரவில்லை.

இது ஏதோ மறதியால் நடந்தது இல்லை. சன்ஃப்ளவர் கவுன்டியில் மக்கள்தொகையில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். எல்லோரும் ஓட்டுப் போட்டால் மேயர், ஷெரீஃப், பள்ளி நிர்வாகம் எல்லாம் கைமாறும். செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்டின் பெரிய பருத்திப் பண்ணையும் இதே கவுன்டியில்தான் இருந்தது. செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்துகொண்டு சிவில் உரிமை மசோதாக்களை முடக்கிவைத்தவர் அவர். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதை எதிர்க்க வெள்ளையர்கள் தொடங்கிய சிட்டிசன்ஸ் கவுன்சில் பிறந்ததும் இந்தக் கவுன்டியின் தலைநகரான இண்டியனோலாவில். ஆகவே 1960-களின் தொடக்கத்தில் இங்கே ஓட்டுப் பதிவு செய்திருந்த கறுப்பினத்தவர் 100-க்கு இரண்டு பேர் கூட இல்லை.

1962 ஆகஸ்ட் 31-ம் தேதி ரூல்வில்லிலிருந்து ஒரு பழைய பஸ்ஸில் 18 பேர் இண்டியனோலாவுக்குக் கிளம்பினார்கள். அங்கே நடந்தது ஒரு தேர்வு. பெயர், ஊர் மட்டுமல்ல, எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். அதாவது, முதலாளிக்குத் தகவல் போய்விடும். பிறகு மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி, அதைப் பார்த்து எழுதி, அர்த்தம் விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா தப்பா என்று முடிவு பண்ணுவது பதிவு அதிகாரி. எந்தப் பிரிவைத் தருவது என்பதும் அவர் இஷ்டம். ஹேமர் பிரிவைப் பார்த்து எழுதிவிட்டார், விளக்க முடியவில்லை. ஃபெயில்.

திரும்பி வரும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கு 100 டாலர் அபராதம் போட்டது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் மஞ்சள் நிறம் ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கிறதாம். பேரம் பேசி 30 டாலர் ஆனது. பஸ்ஸில் இருந்தவர்கள் பையைத் துழாவி அதைக் கட்டினார்கள். அந்த நேரத்தில் எல்லோருக்கும் உள்ளே உதறல். ஹேமர் தேவாலயப் பாடல்களைப் பாட ஆரம்பித்தார். நல்ல கனத்த குரல். கூட்டத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை மாணவர் அமைப்பு கவனித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வருவதற்குள் முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. மனுவைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணு என்றார். உங்களுக்காக அல்ல, எனக்காகத்தான் பதிவு செய்யப் போனேன் என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டு, அன்று இரவே வெளியேறினார். 18 வருஷ வேலை அத்தோடு முடிந்தது. அறுவடை முடியும்வரை பாப் அங்கேயே இருந்தாக வேண்டும் என்றார்கள். ஹேமருக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டின் மீது செப்டம்பர் 10-ம் தேதி இரவு 16 குண்டுகள் பாய்ந்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பரில் மறுபடி தேர்வு எழுதினார். இந்த முறை அரசியல் சட்டத்தைப் படித்துவிட்டுப் போயிருந்தார். 1963 ஜனவரியில் பாஸ் என்று தெரிந்தது. பிறகு ஓட்டுப் போடப் போனால் வாக்கு வரி ரசீது கேட்டார்கள். ஓட்டுப் போடுவதற்கே ஒரு வரி, இரண்டு வருஷம் கட்டிய ரசீது வேண்டும். போன வருஷம் வரை பட்டியலிலேயே இல்லாதவரிடம் எப்படி இருக்கும்? இதற்கிடையில் குழாயே இல்லாத அவர்கள் வாடகை வீட்டுக்கு 9,000 டாலர் தண்ணீர் பில் வந்தது. பக்கத்து லெஃப்ளோர் கவுன்டியில் அந்தக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கான அரசு இலவச உணவையே நிர்வாகம் நிறுத்திவிட்டது. ஓட்டுக் கேட்டால் சோறு போகும் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

வினோனா

1963 ஜூன் 9. தென் கரோலினாவில் நடந்த வாக்காளர் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், வினோனா என்ற ஊரின் பஸ் நிலையத்தில் ஹேமரும் தோழர்களும் கைதானார்கள். வெள்ளையர்களுக்கான உணவகத்தில் சிலர் போய் உட்கார்ந்ததுதான் காரணம். சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகளை மிரட்டி, ஹேமரைக் குப்புறப் படுக்கவைத்துத் தோல் தடியால் அடிக்கச் சொன்னார்கள். ஒருவர் ஓயும்வரை அடித்தார், பிறகு அடுத்தவர். போலியோ தாக்கிய பக்கத்தைக் கையால் மறைக்கப் பார்த்தார் ஹேமர். சிறுநீரகம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கண்ணில் ரத்தம் கட்டியது. அவர் சிறையில் இருந்தபோதே, ஜூன் 12-ம் தேதி, மிசிசிப்பியின் முக்கியத் தலைவரான மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வினோனா அதிகாரிகள் மீதான வழக்கில் முழுக்க வெள்ளையர்கள் அடங்கிய ஜூரி அனைவரையும் விடுவித்தது.

அதிபரைப் பதற வைத்த சில நிமிடங்கள்

1964-ல் ஹேமர் காங்கிரஸ் தேர்தலுக்கே நின்றார். டெமாக்ரட் கட்சியின் உள்வேட்பாளர் தேர்வில் ஜேமி விட்டனை எதிர்த்து. ஹேமர் போட்ட முதல் ஓட்டே தனக்காகப் போட்டதுதான். படுதோல்வி. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் போராளிகள் தனியாக ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். பட்டியலில் இடம் கிடைக்காதவர்களும் அதில் ஓட்டுப் போடலாம். ஹேமருக்கு 33,000-க்கு மேல், விட்டனுக்கு வெறும் 59. ஓட்டுப் போட விட்டால் இந்த மண்ணின் நிறம் என்னவாக இருக்கும் என்பதற்கு அது ஒரு சாம்பிள்.

அதற்கு முன்பே, ஆகஸ்டில், நாடே அவரைப் பார்த்துவிட்டது. அன்றைய தென் மாநிலங்களில் டெமாக்ரட் கட்சி என்றால் வெள்ளையர் கட்சி. நம்மில் பலருக்குக் குழப்பம் வரும் இடம் இது. லிங்கனின் ரிபப்ளிகன் கட்சிதான் அடிமை முறையை ஒழித்தது. அதனால் தெற்கின் வெள்ளையர்கள் பல தலைமுறையாக டெமாக்ரட்டுகளாக இருந்தார்கள். 1964-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்கள் கட்சி மாற ஆரம்பித்தார்கள். கோல்ட்வாட்டரின் 87 சதவீதத்துக்குக் காரணமும் அதுதான்.

மிசிசிப்பி டெமாக்ரட் கட்சிக்குள் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்பதால், ஹேமரும் மற்றவர்களும் மிசிசிப்பி ஃப்ரீடம் டெமாக்ரடிக் பார்ட்டி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சியின் தேசிய மாநாட்டுக்கு 68 பேரை அனுப்பி, நாங்கள்தான் உண்மையான பிரதிநிதிகள் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 22-ம் தேதி தகுதிக் குழுவின் முன் ஹேமர் பேசினார். பஸ், குண்டுகள், வினோனா சிறை எல்லாவற்றையும் சொன்னார். டிவியில் நேரலை. வெள்ளை மாளிகையில் ஜான்சனுக்கு வியர்த்தது. தெற்கின் வெள்ளையர் ஓட்டுகள் மொத்தமாகப் போய்விடுமோ என்ற பயம். உடனே அவசரமாக பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. ஆனால் அன்று இரவு செய்திகளில் சேனல்கள் ஹேமரின் பேச்சைத் திரும்பப் போட்டன. பிரைம் டைம். நேரலையைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

கட்சி சமரசம் பேசியது: இரண்டு இடங்கள் மட்டும், அதுவும் யாருக்கு என்பதை நாங்களே சொல்வோம். மார்ட்டின் லூதர் கிங் உட்படப் பெரிய தலைவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஹேமர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேர் களைத்து வந்தது இரண்டு நாற்காலிக்காக இல்லை என்பது அவர் நிலை. இன்றைக்குப் பார்த்தால் அது பிடிவாதமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற தலைவர்கள் பேரம் பேசிவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். இவர் ரூல்வில்லுக்குத் திரும்பி, அதே போலீஸ் முன்னால் நடக்க வேண்டும்.

1968 சிகாகோ மாநாட்டில் அவர் முறைப்படி பிரதிநிதியாக உட்கார்ந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஓட்டு வந்தது, வெற்றி வரவில்லை

1965 ஆகஸ்ட் 6-ம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அர்த்தம் விளக்கும் தேர்வுகள் போயின. மிசிசிப்பியில் பதிவு செய்த கறுப்பினத்தவர் 1964-ல் சுமார் 7 சதவீதம், 1967-ல் சுமார் 60 சதவீதம். கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும் இல்லையா?

சன்ஃப்ளவர் கவுன்டிக்குள் சன்ஃப்ளவர் என்றே ஒரு குட்டி ஊர் உண்டு. ஆயிரம் பேர் கூட இல்லை. அங்கே 1965-ல் நடந்த நகராட்சித் தேர்தலில் கறுப்பினத்தவர் பதிவு செய்ய நேரமே தரப்படவில்லை என்று ஹேமர் வழக்குப் போட்டிருந்தார். 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. முடிந்த தேர்தலை ரத்து செய்து, புதிதாக நடத்தச் சொன்னார்கள். அமெரிக்காவில் இது அபூர்வம். 1967 மே மாதம் மறுதேர்தல். இப்போது பட்டியலில் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர் அதிகம். நாடெங்கிலும் இருந்து பத்திரிகையாளர்கள் வந்து குவிந்தார்கள்.

கறுப்பின வேட்பாளர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள்.

கணக்குப்படி, கறுப்பினத்தவரில் ஒரு பகுதி வெள்ளைக்கார வேட்பாளருக்குப் போட்டிருந்தால்தான், அல்லது போடாமலே இருந்திருந்தால்தான் இது நடக்கும். அவர்களைக் குறை சொல்வது ஈஸி. ஆனால் வீடு முதலாளியுடையது, கடன் முதலாளியின் கடையில், ஓட்டுச்சாவடியிலும் அதிகாரம் அவர்கள் கையில். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ரகசிய ஓட்டு அவ்வளவு ரகசியமாகத் தோன்றாது. சீட்டு கைக்கு வந்தது. பயம் போகவில்லை.

இதே சமயத்தில் பருத்தி எடுக்கும் எந்திரங்களும் களைக்கொல்லியும் டெல்டா முழுக்க வந்துவிட்டன. ஆட்கள் தேவைப்படவில்லை. வேலை இல்லாதவர்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்டுக்கும் ரயில் ஏறினார்கள். 1930-ல் 65,000-க்கு மேல் இருந்த சன்ஃப்ளவர் கவுன்டி மக்கள்தொகை இன்று சுமார் 26,000. ஓட்டு உரிமை வந்த நேரத்தில் ஓட்டுப் போடும் ஆட்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பன்றி வங்கி

ஹேமர் இதைப் புரிந்துகொண்டார் என்பதற்கு அவர் அடுத்து செய்ததே சாட்சி. 1969-ல் 40 ஏக்கர் வாங்கி ஃப்ரீடம் ஃபார்ம் என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். கறுப்பினப் பெண்கள் தேசிய கவுன்சில் உதவியுடன் பன்றி வங்கி ஒன்று. ஒரு குடும்பத்துக்குச் சினைப் பன்றி கொடுப்பார்கள். குட்டி போட்டதும் அதில் இரண்டை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும், மீதி குடும்பத்துக்கு. அந்தக் குட்டிகள் அடுத்த குடும்பத்துக்குப் போகும். பண்ணையில் காய்கறியும் பருத்தியும் சோயாவும் விளைந்தன. பின்னால் 600 ஏக்கருக்கு மேல் விரிந்தது. கறி, காய் வீட்டில் இருந்தால் முதலாளியின் மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும் என்பது ஐடியா. ஏழை வெள்ளைக் குடும்பங்களும் அதில் பயன்பெற்றன.

1971-ல் மாநில செனட்டுக்கு நின்றார், தோற்றார். அதே ஆண்டு தேசியப் பெண்கள் அரசியல் அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். பண்ணையைப் பொறுத்தவரை, வெள்ளம், வறட்சி, கட்ட முடியாத வரி, நன்கொடை குறைந்தது எல்லாம் சேர்ந்து 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. நிர்வாகத்தில் ஹேமர் கெட்டிக்காரர் இல்லை என்றும் சொல்வார்கள். இருக்கலாம். யார் வந்து கை நீட்டினாலும் இருந்ததைக் கொடுத்துவிடுவார், அதற்குக் கணக்கு எழுதிவைக்கும் ஆள் இல்லை.

வினோனாவில் பட்ட அடி அவரைக் கடைசி வரை விடவில்லை. அதோடு ரத்த அழுத்தம், பிறகு மார்பகப் புற்றுநோய். 1977 மார்ச் 14-ம் தேதி, 59 வயதில், மவுண்ட் பாயூ மருத்துவமனையில் இறந்தார். கையில் பணம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

1986-ல் மைக் எஸ்பி என்ற கறுப்பின வழக்கறிஞர் டெல்டாவிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்வானார். 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு மிசிசிப்பியிலிருந்து தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஹேமரைத் தோற்கடித்த ஜேமி விட்டனோ 1995 ஜனவரி வரை பதவியில் இருந்தார். மாநில அளவில் இன்றும் சிவப்புதான். கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு இருந்தும், மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்வு செய்யும் பதவி எதிலும் அவர்களில் ஒருவர் 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு ஜெயித்ததில்லை. டெல்டாவின் நீலப் பொட்டுகள் மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் அப்படியே நிற்கின்றன.

2025 ஜனவரியில் ஹேமருக்கு அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதான பிரசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் வழங்கப்பட்டது. ஃப்ரீடம் ஃபார்ம் நிலத்தில் மிஞ்சிய ஒரு துண்டில், ரூல்வில்லில் அவர் புதைக்கப்பட்டிருக்கிறார். 2012-ல் அங்கே கையில் மைக்கோடு ஒரு சிலை வைத்தார்கள். 1992-ல் இறந்த பாப் ஹேமரும் பக்கத்திலேயே இருக்கிறார்.